வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்

சின்னமனூர்,
திங்கள் காலை.

அன்பு மகள் நதியாவுக்கு அம்மா எழுதுவது. ஜக்கம்மா காவலில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் புனே மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். எனக்குப் போன் வாங்கி அதில் எல்லாம் ஏற்றிக்கொடுத்தது உன் சித்தப்பா சுரேஷ்கண்ணன், அதில் பேசவே பயமாக இருக்கிறது.

வாழைத்தோட்டத்துக்குப் போகும் பாதையில் எல்லைக் கல்லைக் காணோம். பிடுங்கிய குழியை மூடி மேலே பூசணி ஊன்றியிருக்கிறது, அந்தப் பக்கம் சித்தப்பா தோட்டம்தான். அடுத்த மாதம் சர்வேயர் அளக்க வருகிறார், கல் நின்ற இடத்துக்கு அப்பா எடுத்த போட்டோக்களை விட்டால் வேறு சாட்சி இல்லை, பாதை போனால் நம் கிணற்றுக்கே நாம் போக முடியாது. கிளவுடில் ஒரு போட்டோவும் இல்லை, குப்பைத்தொட்டியும் காலி, நீ எதையாவது அழுத்தினாயா என்று போனில் என்னைக் கேட்டாயே, அதன்பிறகு ஹால் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எல்லாம் இருக்கிறது ஆத்தா, பச்சை டிக்கோடு அப்படியே. எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரிலும் வைத்திரு என்று நீ போட்டுவிட்டுப் போனதும், ரோடு தோண்டி நெட் அறுந்து கிடந்ததும்தான் காப்பாற்றியது. கிளவுடில் அழித்தால் நெட் வந்ததும் இங்கேயும் அழியும் என்று நீ சொன்னது நினைவு வந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயரையே பிடுங்கிவிட்டேன். குலசாமி பெயரை பாஸ்வேர்டாக வைத்தோமே, பங்காளி வீடு அத்தனைக்கும் தெரிந்த பெயர் அது என்று அப்போது புத்திக்கு எட்டவில்லை. சித்தப்பா தினமும் வந்து, நெட்டு வந்துருச்சா மதினி என்று கேட்டார், பிறகு லைன் பார்க்கிற ஆளையும் அவரே கூட்டிவந்தார். வயர எலி கடிச்சிருச்சா மதினி என்று குனிந்து மேசைக்கடியில் தேடினார். கூட்டும்போது வாரியல் பட்டுக்கிட்டே இருந்துச்சு, நாந்தான் கழட்டுனேன் என்றேன், வயர் என் முந்தானைக்குள் இருந்தது. பென்டிரைவில் எடுக்க எனக்குத் தெரியாது, தொட்டு அழிந்துவிட்டால் என்ன செய்வேன். கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றால் அவர் சித்தப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரிகிறவர்.

நேற்று சித்தப்பா வந்து, பழைய கம்ப்யூட்டரு கெடக்கட்டும், அண்ணனுக்கு நா புதுசா ஒண்ணு எடுத்துத் தாரேன், அடுத்த வாரம் வெள்ளிக்கிழம ஆளு வந்து இதத் தூக்கிட்டுப் போயிருவாக என்று சொல்லிப் போயிருக்கிறார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, என் தம்பி தம்பிதான் என்று உடனே சரி சொல்லிவிட்டார். சோறு போடும்போது நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், கூடப் பொறந்தவனப் போயி இப்பிடி நெனைக்க எப்பிடிடி மனசு வருது என்று கை கழுவி எழுந்துவிட்டார்.

கடிதம் கண்டதும் லீவு சொல்லி அந்த வெள்ளிக்கு முன்னால் வந்துவிடு, அதுவரை நீயும் அங்கிருந்து எதையும் திறக்காதே, ரயிலில் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள். நீ வந்து சேராவிட்டால் அன்றைக்கு வாசலை மறித்து நிற்பேன், அண்ணன் தம்பியைப் பிரித்தவள் என்று ஊர் சொன்னாலும் சரி, உன் அப்பாவே சொன்னாலும் சரி. தீர்க்காயுசாக இரு.

உன் அம்மா,
ராஜமணி