நான்கு பேர் மட்டும் உட்காரும் வண்டி

என் பிரியமுள்ள சரோஜா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தம்பிக்குத் துக்கம் தாங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கையைக் கட்டிப்போட்டது வெட்கம்தான். உன் முகத்தை நினைத்தாலே தலை தானாகக் குனிந்துவிடும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நித்யா ஒன்பதாவது படிக்கிறாள், என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அருணுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. உன் தம்பி பெண்டாட்டி கலாவுக்கு உன்னைப்போல ரசம் வைக்க இன்னும் வரவில்லை, அதை அவளே சொல்லிச் சிரிக்கிறாள். மோட்டார் பம்பு கடை முன்னைப்போலவே நடக்கிறது. அந்த வண்டியைப் போன வருடம் விற்றுவிட்டேன்.

அந்த வண்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நீ மலையடிவாரத்தில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தாய். முட்டி வலியால் வேலையை விட்டு வீட்டோடு வந்தபிறகு, பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்த மலைக்கதைதான். பஸ் போகாத ஊருக்கு இலாகா ஜீப்பில் போனது, பாறைக்கு நடுவே ஓடும் ஓடை, பிரசவம் பார்த்த வீட்டில் தேன் கொடுத்து அனுப்பியது. "அத்தை, எங்களையும் கூட்டிட்டுப் போ" என்று இரண்டும் நச்சரித்தன. "கரடு முரடுல போற வண்டி ஒண்ணு வாங்குடா தம்பி. எல்லாரும் ஒண்ணா போலாம்" என்று நீதான் சொன்னாய். எல்லாரும் என்று நீ சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

இரண்டு வண்டி பார்த்தோம். முதலாவது, வேலூர் ரோட்டு ஷெட்டில் ஒரு பாய் வைத்திருந்த பழைய மிலிட்டரி ஜீப். நீ புடவையைச் செருகிக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு தரையில் குந்தி, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாய். "நாலு சக்கரமும் இழுக்குமா பாய்? சாமான் இங்கயே கிடைக்குமா?" என்று கேட்டாய். பாய் என்னை விட்டுவிட்டு உன்னிடமே பதில் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் இரண்டு பெஞ்சு இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

எனக்கு அந்த ஜீப் பிடிக்கவில்லை. பெயிண்ட் உரிந்து, ரேஷன் மூட்டை ஏற்றுகிற வண்டி மாதிரி இருந்தது.

இரண்டாவது, ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் விற்ற வண்டி. இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டி, பழைய கார் இன்ஜினை வைத்து, இங்கேயே ஒரு பட்டறையில் செய்து வாங்கியிருந்தார். மஞ்சள் நிறம், கொழுத்த டயர். ஊருக்குத் திரும்பிப் போவதால் விற்கிறேன் என்றார். இதைப் பக்கி என்பார்கள் என்றார்.

"பக்கியா? இது வண்டி பேரா, திட்டற பேராடா?" என்று நீ கேட்டாய். நான்கூடச் சிரித்தேன். அப்புறம் நீ மறுபடியும் குந்திப் பார்த்துவிட்டு, "அடி ரொம்பத் தாழ்வா இருக்குதுடா. பின்னாடி சக்கரம் மட்டுந்தான் இழுக்கும்னு சொல்றாரு. ஓடையில எறங்கினா மாட்டிக்கும்" என்றாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "நாலு சீட்டுதான் இருக்குது."

ஒரு தடவைதான் சொன்னாய். எனக்கு இடம் இல்லையே என்று நீ சொல்லவில்லை. வீட்டில் ஐந்து பேர் என்று எனக்கு எண்ணத் தெரியாதா அக்கா? தெரிந்தேதான் வாங்கினேன். அந்த மஞ்சள் வண்டியில் தேரடித் தெருவில் போனால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், யாருடையது என்று கேட்பார்கள் என்கிற ஆசை. "மாத்தி மாத்திப் போலாம்க்கா. அடுத்த வாரம் நீ வா" என்றேன்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஞாயிறுதோறும் நீ புளிச்சோறு கட்டிக் கொடுப்பாய். நாங்கள் நால்வரும் ஏரிக்கரை, மலைக்குப் பின்பக்கத்து மண்பாதை என்று சுற்றிவிட்டு வருவோம். பிள்ளைகள் பார்த்ததையெல்லாம் உன்னிடம் சொல்லும். நீ வாய் பிளந்து கேட்பாய்.

ஒரே ஒரு ஞாயிறு, கலாவுக்குக் காய்ச்சல். நீ ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாய். நீலப் புடவை, மடியில் பை. அந்த நேரம் பார்த்து எனக்குத் தெரிந்த பேங்க் மேனேஜர் வாசலில் வந்து நின்று, ஒரு ரவுண்டு வரலாமா என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். பார்க்கத்தான் செய்தேன். "எனக்கு வெயிலு ஆகாது சார், நீங்க போய்ட்டு வாங்க" என்று இறங்கிவிட்டாய். அது காலை ஏழு மணி அக்கா. வெயில் எங்கே இருந்தது?

ஐப்பசி மழையில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். அன்று உன் மலையடிவாரத்துக்கே வண்டியை விட்டேன். நீ சொன்னபடியே ஓடையில் அடி தட்டி, சேற்றில் பின் சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. கலாவையும் பிள்ளைகளையும் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு, இரண்டு மைல் நடந்து போய் பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணினேன். "யாராவது மெக்கானிக்க அனுப்புக்கா" என்றேன். "சரிடா, பசங்கள நனைய விடாத" என்றாய்.

மூன்று மணி வாக்கில் ஒரு டிராக்டர் வந்தது. டிரைவர் பக்கத்தில், மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். பஸ் ஏறி வந்து, தெரிந்தவர்கள் வீட்டில் கேட்டு டிராக்டரைக் கூட்டிவந்திருந்தாய். "நர்சம்மா கேட்டா இல்லன்னுவோமா? எங்க பொண்ணு பிரசவத்துல உசுரக் காப்பாத்தினவங்க" என்றார் அந்த ஆள். முழங்கால் சேற்றில் நின்று நீதான் கயிறு கட்டும் இடத்தைக் காட்டினாய். வண்டி வெளியே வந்ததும் பிள்ளைகளைப் பார்த்து, "இதான் நான் சொன்ன ஓட" என்றாய், ஏதோ அவர்களுக்குச் சுற்றிக் காட்டத்தான் வந்ததுபோல.

திரும்பும்போது நாங்கள் நால்வரும் பக்கியில் ஏறிவிட்டோம். கலா என் காதருகே, "அண்ணி எங்க உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கால் பூரா சேறு, சீட்டு வீணாயிடும். டிராக்டர்லயே வரட்டும்."

எங்கள் கால்களிலும் அதே சேறுதான். இன்ஜின் சத்தத்தில் உனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? இதை மட்டும் தெரிந்துகொள்ளவே முடியாமல் போய்விட்டது. டிராக்டர் உன்னை பஸ் நிற்கிற இடத்தில் விட, எங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து நீ பஸ் ஏறி நனைந்து வந்து சேர்ந்தாய். வாசலில் நின்று, "பசங்க சாப்டாங்களா?" என்று கேட்டாய். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம்கூட நீ இருக்கவில்லை. ஒரு காலையில் நெஞ்சு வலி என்றாய். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் சாவுக்கு மலையிலிருந்து பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். அத்தனை பேர் அழுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அதில் முனியம்மா என்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "தம்பி வண்டி வாங்கியிருக்குது, அதுல வரேன், புள்ளைங்களயும் கூட்டியாரேன்னு டவுனுல பாக்கறப்பல்லாம் சொல்லினே இருந்தாங்களே நர்சம்மா. ஏன் சாமி வரல?"

சுற்றி ஊரே நின்றது. "அக்காவுக்கு அந்த வண்டின்னா பயம்மா. ஏறவே மாட்டாங்க" என்றேன்.

உன் காலடியில் நின்றுகொண்டு சொன்னேன் அக்கா. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அதுவே உண்மையாகிவிட்டது.

போன மாதம் நம் வீட்டுக்கு வந்த நித்யாவின் தோழி, உன் போட்டோவைப் பார்த்து யார் என்று கேட்டாள். "எங்க அத்தை. ரொம்ப நல்லவங்க. ஆனா வண்டின்னாலே பயப்படுவாங்க" என்றாள் நம் பெண். சமையலறை வாசலில் நின்ற கலா என்னைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் ஒன்றும் கேட்டதில்லை.

சாயங்காலம் நித்யாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் வந்ததை, சேற்றை, முனியம்மாவிடம் சொன்ன பொய்யை.

"அப்போ அத்தைக்குப் பயம் இல்லையாப்பா?"

"இல்லம்மா. வண்டியில இடம் இல்ல."

"இடம் இல்லையா, நீ குடுக்கலையா?"

"நான்தான் குடுக்கல."

எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்த மலைக்காரம்மாகிட்ட எப்பப்பா சொல்லப் போற?"

அவளுக்கு அன்று சொல்ல முடியாத பதிலை உனக்கு எழுதுகிறேன். வருகிற ஞாயிறு நாங்கள் நால்வரும் பஸ் ஏறி மலைக்குப் போகிறோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்து முனியம்மாவின் வீட்டைத் தேடிப் போய், அவளுடைய வீட்டார் முன்னால், என் பிள்ளைகள் முன்னால், நர்சம்மா உங்களைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தாள், நான்தான் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை என்று சொல்லப் போகிறேன். அவள் காறித் துப்பினாலும் நின்று வாங்கிக்கொள்வேன். உன் பேரில் போட்ட பயத்தை எடுத்துவிட்டுத்தான் திரும்புவேன்.

இது சத்தியம் அக்கா.

உன்னோடு பிறந்தும் உனக்கு இடம் கொடுக்காத
உன் தம்பி,
சேகர்