உங்கள் பாத்திஹா சோறு தின்றவர்கள்

786

தெற்குவாசல், மதுரை.
24-11-1945

பினாங்கில் இருக்கும் என் மச்சான் சேக் இஸ்மாயில் ராவுத்தர் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மனைவி ஜெயினம்பு எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதை முதலிலேயே நினைவூட்டிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

இங்கே நானும் மகள் அமீருன்னிசாவும் சுகம். பக்ரீத் பெருநாள் போன வாரம் நல்லபடி முடிந்தது. அரிசி இன்னும் ரேஷனில்தான். மண்ணெண்ணெய் அதைவிட மோசம். நீங்கள் போகும்போது பதினோரு வயதில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தவள் இப்போது என்னைவிட உயரமாக நிற்கிறாள். பேச்சில் உங்களைக் கொண்டிருக்கிறாள். யாருக்கும் அடங்குவதில்லை.

இனி சொல்லப்போவதைக் கோபத்தோடுதான் சொல்வேன். நாலு வருஷமாகக் கறுவிக்கொண்டிருக்கிறேன். பொறுத்துப் போ என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். இந்தத் தடவை சொல்லாதீர்கள்.

உங்கள் அண்ணன் முகைதீன் பிச்சை ராவுத்தர் பூட்டுக்கடையில் உட்கார்ந்து பூட்டு விற்றதைவிடக் கெட்ட சேதி விற்றதுதான் அதிகம். ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்ட நாளிலிருந்து, காலையில் டீக்கடையில் பத்திரிகை வாசிக்கக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிடுவார். சிங்கப்பூர் போச்சு, ரங்கூன் போச்சு, கப்பல் முங்கிருச்சு, அம்புட்டுப் பேரும் காலி என்பார். பத்திரிகையில் பத்துப் பேர் என்று போட்டிருந்தால் அவர் வாயில் அது நூறாகும். மதுரைக்கும் குண்டு விழப்போகிறது என்று தெருவையே கலக்கிவிட்டு, வீட்டிலிருந்த அண்டா குண்டானையெல்லாம் வண்டியூரில் யாரோ ஒருவர் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார். குண்டு விழவில்லை. அண்டாவும் திரும்பி வரவில்லை. அன்றைக்கு நான் உள்ளறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

முதல் மூன்று மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன். வாசலில் அவர் செருமல் கேட்டாலே அடுப்படிக்குள் போய்விடுவேன். பிறகு ஒருநாள் எரிச்சல் வந்தது. என் புருஷன் இருக்கிற ஊரைப் பற்றி இன்னொருவர் வாயால் நான் ஏன் கேட்க வேண்டும், எனக்குத்தான் எழுத்துத் தெரியுமே என்று தோன்றியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் விஜயம் இருக்கிறாள், தபாலாபீஸ் குமாஸ்தா ஹாலாஸ்யத்தின் மனைவி. அவர் படித்து முடித்த பத்திரிகையைச் சாயங்காலம் சுவர்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, மஃரிபு பாங்கு சொல்வதற்குள் படித்து மடித்துத் திரும்ப வைத்துவிடுவேன். அதற்குமேல் அன்றைக்கு எந்தச் சேதியையும் காதில் வாங்க மாட்டேன். யார் பார்த்தது, என்றைக்குப் பார்த்தது, சொல்கிறவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்காமல் எதையும் நம்புவதில்லை. படித்ததால் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், மச்சான். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து அடுப்புப் பற்றவைக்க முடிந்தது.

மறு வருஷம் நோன்பு மாதத்தில் உங்கள் அண்ணன் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். சிங்கப்பூரிலிருந்து கடைசிக் கப்பலில் தப்பி வந்தவராம். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். குண்டு விழுந்த அன்னிக்கு நான் பினாங்குலதான் இருந்தேன், உங்க வீட்டுக்காரரு கடைவாசல்ல நோன்பு திறக்க உக்காந்திருந்தாரு, பேரீச்சம்பழம் கையில இருக்கையிலயே மவுத்தாயிட்டாரு, நாந்தான் அடக்கம் பண்ணுனேன் என்றார். வீடே அலறியது. நோன்பாளியாக மவுத்தானவருக்குக் கிடைக்கும் நன்மைகளைப் பற்றி உங்கள் அண்ணன் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் உறைத்தது. பினாங்கில் குண்டு விழுந்தது டிசம்பரில். அந்த வருஷம் நோன்புப் பெருநாள் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பெருநாளுக்குப் புதுக் கைலி கட்டிக்கொண்டு தொழப் போனதாக நீங்கள் எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. பெருநாள் முடிந்து ஏழு வாரம் கழித்து எந்த நோன்பைத் திறந்தீர்கள்? அந்த ஆள் பொய் சொல்ல உட்கார்ந்தது நோன்பு மாதத்தில். கேட்கிறவர்கள் மனம் இளகட்டும் என்று அதையும் ஒரு சிட்டிகை சேர்த்துவிட்டார். நம் ஆட்களும் நோன்பு என்ற சொல்லைக் கேட்டதும் மாதத்தை மறந்துவிட்டார்கள். நான் திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டேன். அது விருப்பப்பட்டு வைக்கிற சுன்னத்து நோன்பா இருக்கும் புள்ள என்றார் உங்கள் அண்ணன். கடமையான நோன்பிலேயே அஸருக்குப் பிறகு எங்கள்மேல் எரிந்து விழுகிற மனிதர் நீங்கள். நீங்களாவது, சுன்னத்து நோன்பாவது!

என் பேச்சு எடுபடவில்லை. சேதி வந்த நாளிலிருந்து எண்ணி உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். ஊரே அரிசிக்கு அலைந்த வருஷத்தில் நெய்ச்சோறும் தால்சாவும் ஆக்கினார்கள். அறுபத்திரண்டு பேர் தின்றார்கள். அத்தனை பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். தால்சாவை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டவர் யார், நல்லெலும்பாகப் பார்த்துப் போடச் சொன்னவர் யார், போகும்போது துண்டில் முடிந்துகொண்டவர் யார் என்பதும் அதில் உண்டு. நான் ஒரு பருக்கை தொடவில்லை.

என்னை இத்தா இருக்கச் சொன்னார்கள். புருஷன் மவுத்தானால் பெண்பிள்ளை வீட்டோடு அடைந்து கிடக்க வேண்டிய அந்த நாலு மாதம் பத்து நாளை, உயிரோடிருக்கிறவருக்காக நான் ஏன் இருக்க வேண்டும்? நிக்காஹ் அன்று என் கழுத்தில் ஏறிய கருகமணியை அறுக்க உங்கள் அண்ணன் மனைவி மைதீன் பீவி கத்தரிக்கோலோடு வந்தாள். கத்தரியைப் பிடுங்கி அவள் முந்தானையில் ஒரு முழம் வெட்டினேன். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பைத்தியம் என்று பெயர். இருக்கட்டும். பைத்தியத்தோடு யாரும் வம்புக்கு வருவதில்லை.

கெட்ட சேதி சொல்வது அவருக்கு வெறும் பித்து என்றால் மன்னித்திருப்பேன். காரணம் பிறகுதான் வெளியே வந்தது. அத்தா இல்லாத பெண்ணுக்குப் பெரியத்தா வலியாக, பொறுப்பாளராக நின்று நிக்காஹ் செய்துகொடுக்கலாம். நீங்கள் மவுத்து என்றால் அந்த உரிமை அவருக்கு. அமீருன்னிசாவைத் தன் மகன் நூருல் அமீனுக்கு முடித்துவிட்டால் இந்த வீடும் அவர் கைக்குள் போய்விடும். நூருல் அமீனை உங்களுக்குத் தெரியும். அவனைப் பற்றி எழுதி மையைக் கெடுக்க வேண்டாம். எங்கத்தா கொடுத்தா கழுதைக்குக்கூட கழுத்த நீட்டுறேன், நீங்க கொடுத்தா ராசாவும் வேணாம் என்று மகள் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர் கேட்கவில்லை. ரபியுல் அவ்வல் முதல் வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று நாள் குறித்துவிட்டார். முஹர்ரமும் ஸபரும் கல்யாணத்துக்கு ஆகாது என்று நம் ஆட்கள் ஒதுக்குவதால்தான் எனக்கு இரண்டரை மாதம் கிடைத்திருக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஆள் விட்டுக் கேட்டேன். அவரு ஹயாத்தோட, உசுரோட இருக்காருன்னு ஒரு துண்டுக் காயிதம் வரட்டும், நிக்காஹ நானே நிப்பாட்டுறேன் என்று சொல்லியனுப்பினார்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் நம் வீட்டு விலாசத்துக்குப் பினாங்கு முத்திரையோடு ஒரு கவர் வந்திருக்கிறது. ஹாலாஸ்யம் கண்ணால் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாதாம். விஜயம் பிடுங்கியெடுத்த பிறகு சொன்னார். நம் வீட்டுத் தபால் எப்போதும்போல் பூட்டுக்கடைக்குத்தான் போகிறது. கவர் என் கைக்கு வரவில்லை. யார் எழுதியது என்று ஹாலாஸ்யத்துக்குத் தெரியவில்லை. அது நீங்கள் எழுதியதாக இருக்கலாம், உங்களைப் பற்றி வேறு யாராவது எழுதியதாகவும் இருக்கலாம் ஜெயினம்பு என்று விஜயம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

இரண்டு நாள் நான் நானாக இல்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் அண்ணன் தம் ஆயுளில் ஒரு கெட்ட சேதியை ஒளித்ததுண்டா? நீங்கள் இல்லை என்று அந்தக் கவரில் எழுதியிருந்தால், கடையைப் பூட்டக்கூட நிற்காமல் ஓடிவந்து நடுத்தெருவில் வைத்துப் படித்திருப்பார். மூன்று வருஷத்துப் பொய்யை ஒரே நொடியில் நிஜமாக்குகிற காகிதம் அல்லவா அது! அவர் ஒளித்துவிட்டார். நிக்காஹுக்கு நாள் குறித்தது அதற்கு மறுநாள்தான். அன்றிலிருந்து காலையில் பத்திரிகைச் சேதி சொல்ல வீட்டுக்கு வருவதில்லை. அமீருன்னிசா எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு சந்தில் திரும்பிவிடுகிறார். இருபத்தைந்து நாளாக உங்கள் அண்ணன் வாயிலிருந்து ஒரு கெட்ட சேதியும் வரவில்லை, மச்சான். நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி இதுதான்.

ஆகவே நான் சொல்வதைத் தட்டாமல் செய்யுங்கள். நீங்கள் ஹயாத்தோடு இருப்பதாகவும், மகளுக்கு வலி நீங்கள்தான் என்றும் ஹஜ்ரத் பெயருக்கு எழுதி, விஜயம் வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைவரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று ஹஜ்ரத்தை நான் கேட்டுக்கொள்வேன். அதுவரை உங்கள் அண்ணன் பந்தல் போடட்டும், கிடா வாங்கட்டும், ஊரைக் கூப்பிடட்டும். அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவர் விடாமல் கூப்பிட வேண்டும் என்று நானே சொல்வேன். பைத்தியத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

கப்பல் கிடைத்தால் தந்தி கொடுக்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரே பள்ளிவாசலுக்கு வந்து உங்கள் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று தொழுங்கள். அவரை அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். தொழுகை முடிந்ததும் அவர் பக்கம் திரும்பிச் சத்தமாக ஸலாம் சொல்லுங்கள். மவுத்தானவர் சொன்ன ஸலாமுக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பள்ளிவாசல் முழுக்கக் கேட்கட்டும். பிறகு அத்தனை பேரையும் பந்தலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, உங்கள் கையாலேயே தால்சா ஊற்றுங்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் இந்த நாலு வருஷமும் சோறு தின்று உயிரை வைத்திருந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

இதே கடிதத்தை அமீருன்னிசா இன்னும் இரண்டு பிரதி எழுதியிருக்கிறாள். ஒன்று உங்கள் கடைக்கு, ஒன்று அங்குள்ள பள்ளிவாசல் இமாமுக்கு, ஒன்று துறைமுகத்தில் நம்மூர் ஆட்கள் தங்கும் கிட்டங்கிக்கு. எது உங்கள் கையில் கிடைத்தாலும் அதில் என் கையெழுத்து இருக்கும். கடை இல்லாமல் போயிருந்தாலும் பரவாயில்லை. கையோ காலோ போயிருந்தாலும் பரவாயில்லை. பேனா பிடிக்க முடியாவிட்டால் விரலை மையில் தோய்த்து வைத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. கருகமணிக் கயிறு நைந்துவிட்டது. இரண்டு இடத்தில் இழைதான் மிச்சம். புதுக் கயிற்றில் கோக்க வேண்டுமானால் ஒரு நாழிகையாவது கழுத்திலிருந்து எடுக்க வேண்டும் என்கிறாள் விஜயம். எடுக்க மாட்டேன். குளிக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தைக் கொடுப்பானாக. கயிறு தானாக அறுவதற்குள் வந்துவிடுங்கள், மச்சான்.

ஸலாமுக்குப் பதில் பார்த்திருக்கும்,
ஜெயினம்பு