அளவு எழுதாதீங்க என்றீர்கள், மச்சான்

அன்பு மச்சானுக்கு,

ஸ்ரீரங்கத்து மாடியில் உங்கள் கணினியை இப்போது நான்தான் திறக்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ் மருந்துப் பக்கங்களைக் கவனிக்க ஆளில்லாமல் உங்கள் தன்னார்வலர் குழு தயங்கி நின்றது. சைக்கிளில் மருந்துப் பெட்டி சுமந்து, சொந்த மருந்துக் கடை வைத்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று கை தூக்கிவிட்டேன்.

மருந்து உடம்பில் என்ன செய்கிறது, என்ன கெடுதல் வரலாம் என்றெல்லாம் எழுதலாம். எத்தனை மில்லி கொடுப்பது என்று மட்டும் எழுதக் கூடாது. அது நீங்கள் வைத்த வழக்கம். "படிக்கிறவங்க கையில எந்த பாட்டில் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா மாப்ளே?" என்பீர்கள். எனக்கு அது வீண் கெடுபிடியாகப் பட்டது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தானே?

எழுதிவிட்டேன் மச்சான். குழந்தைகளின் காய்ச்சல் மருந்துப் பக்கத்தில், வயதுக்கு இத்தனை மில்லி என்று ஒரே ஒரு வரி. குழுவில் இன்னொருவர் பார்க்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

போன வாரம் முசிறியிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் துவண்டு கிடந்தது குழந்தை. காலிப் பாட்டிலை நீட்டினாள்.

"அண்ணே, இது இன்னொண்ணு குடுங்க. நேத்துதான் வாங்குனேன், அதுக்குள்ள தீந்துபோச்சு."

அது கைக்குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் சொட்டு மருந்து. ஒரு வாரம் வர வேண்டியது.

"எவ்வளவும்மா குடுத்தீங்க?"

போனைத் திறந்து காட்டினாள். என் வரி. நான் சிரப்பை நினைத்து எழுதியது. சொட்டு மருந்து அதைவிடப் பல மடங்கு வீரியம். கடையை அப்படியே விட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் போட்டார்கள். வார்டு வாசலில் உண்மையைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்றிருந்தேன். "தெரிஞ்சவங்க எழுதியிருப்பாங்கன்னு நம்பித்தானேண்ணே ஊத்துனேன்" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது. எனக்குத்தான் பயம் போகவில்லை. அந்த வரி பதினோரு நாள் அங்கே இருந்தது. பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணினி காட்டுகிறது. யார் என்று காட்டவில்லையே மச்சான்? யாராவது படமெடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? வையம்பட்டியில் ஒரு வீட்டில் இந்நேரம் அதைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தால்?

வரியை நீக்கிவிட்டேன். குழு கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் என் பெயரைப் போட்டே தப்பை எழுதி வைத்திருக்கிறேன். குழுவிலிருக்கும் மருங்காபுரி டீச்சர், "இனிமே நீங்க எழுதுறத மட்டும் ரெண்டு பேர் பாக்கணும் சார்" என்றார். சரியென்றேன்.

இனி ஒரு சொல்லைக்கூடத் தனியாக ஏற்ற மாட்டேன், மச்சான். கடைக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்க்கிறேன், என்ன பாட்டில் என்று.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
மாணிக்கம்