துரை இல்லாத பட்டணம்

கட்டுக்கலை, கண்டி
14 ஜூலை 1931

அன்புள்ள மகன் பாக்கியநாதனுக்கு அப்பா எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் சுகமில்லை. மலாயாவில், பேராக்கில் நீயும் மருமகளும் நலமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். இங்கே மழை விடவில்லை, துவைத்த வேட்டி நான்கு நாளாகக் காயவில்லை.

உன் கடிதத்தில் இரண்டு செய்தி இருந்தது. ரப்பர் விலை விழுந்ததால், வேலைக்கு ஆகாத வயதானவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் பட்டியல் எழுதும்படி தோட்டத்துத் துரை கிளாக்கரான உன்னிடம் சொன்னது ஒன்று. மாதக் கடைசியில் நீ சபையில் பேசப் போகிறாய், இடிந்த எருசலேம் மறுபடி எழும்பும் என்ற தீர்க்கதரிசனத்துக்கு விளக்கம் வேண்டும் என்பது மற்றது. முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவனுக்கு இது ஒரு காரியமா என்று நினைத்தேன். மதில், வாசல், ஆலயம் என்று மூன்று தலைப்பு கைவசம் இருந்தது, சென்ற ஞாயிறு மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் அதையே பேசினேன். அந்தப் பட்டணத்து வீதிகளில் கிழவரும் கிழவியும் தடியோடு உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள் என்ற வசனத்தை வாசித்துவிட்டு மதில் என்ற தலைப்புக்குப் போய்விட்டேன். ஆராதனை முடிந்ததும் கொழுந்தெடுக்கும் சுந்தரிக் கிழவி வந்து, வயசானவங்க சும்மா குந்திக்கிட்டு இருந்தா துரை ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களா என்று கேட்டாள். அங்கே துரை இல்லை என்றேன். கங்காணியும் இல்லை என்றேன். அப்ப பேரை வெட்டுறது யாருங்க என்றாள். அவள் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அந்த வாரம்தான் வெட்டியிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். எட்டு வயதில் இங்கே வந்தவள், அங்கே இறங்கினால் அவளை அறிந்தவர் ஒருவருமில்லை. அதை வெட்டிய கிளாக்கர் நல்ல மனிதர், ஆராதனையில் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னார். மத்தியானம் நான் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன், கோழிக்கறி.

ஆகவே நீ கேட்ட விளக்கம் இவ்வளவுதான். வயதானவர்கள் பயமில்லாமல் உட்கார இடமிருந்தால் பட்டணம் எழும்பிவிட்டது, மதிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துரை சொன்னதை மறுத்தால் உன் வேலை போகும் என்று அம்மா அழுகிறாள், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதாதே மகனே. எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் மாதக் கடைசியில் சபையில் பேசுவதை வேறு யாரிடமாவது விட்டுவிடு. வேலை போனால் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், அறை காலியாகத்தான் இருக்கிறது.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மருமகளை இரவு நேரத்தில் தலைமுழுக வேண்டாமென்று அம்மா சொல்லச் சொன்னாள். பதில் போடும்போது மற்றதெல்லாம் விட்டாலும் பரவாயில்லை, எத்தனை பெயர் எழுதினாய் என்பதை மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. தேவசகாயம்