அம்மா பிரித்துக் கட்டிய கப்பல்

மஹய்யாவ,
கண்டி.
16.02.2025

அன்பு மகள் லதுஷாவுக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முறைப்பாடு செய்கிறது, அதுவும் இந்த மாத வெயிலுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீயும் மருமகன் கௌசிகனும் அந்த ஊர்க் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனையை எடுக்கிறேன். கிழமையில் நாலு தரம் வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பா ஏன் தபாலில் கடிதம் அனுப்புகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் கதைக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கிறார், அவர் பக்கத்தில் இருந்தால் நான் இதைச் சொல்லத் தொடங்கியதுமே பேச்சை மாற்றிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

கார்த்திகை மாதம் நீ போனில் கேட்டது நினைவிருக்கும், ஆவணியில் பலகை எல்லாம் அடித்து முடிந்தாற்போல் இருந்த அம்மாவின் மாதிரிக் கப்பல் ஏன் திரும்பவும் எலும்புக்கூடாக நிற்கிறது என்று. அம்மா உடனே, மரம் வெடிச்சுப் போச்சு பிள்ளை, கண்டி ஈரத்துக்குத் தாங்கேல்லை, என்று சொன்னார். நானும் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு தலையை ஆட்டினேன். மரத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை மகள். பிழை என்னுடையது. என் முகம் கெடக்கூடாது என்று அம்மா அப்படிச் சொன்னார், நான் அதைச் சொல்லவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக அது எனக்குச் சரிவரவில்லை, நடந்ததை நடந்தபடி நீ அறிந்திருக்க வேண்டும்.

போன வருடம் பங்குனியில் அம்மா ஓய்வு பெற்ற நேரம், உங்கள் பக்கத்து ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நிற்கிற அந்தப் பழைய போர்க்கப்பலைப் போய்ப் பார்த்துவிட்டு அதன் வரைபடத் தாள்களை நீதானே அனுப்பி வைத்தாய். இருநூறு வருடத்துக்கு முந்திப் பம்பாயில் தேக்கில் கட்டின கப்பலுக்கு வெள்ளைக்காரன் திருகோணமலை என்று பெயர் வைத்திருக்கிறான் என்பது உனக்கு ஒரு வேடிக்கை, அம்மாவுக்கு அப்படியில்லை. தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இரண்டு நாள் பார்த்தார். எனக்கு உள்ளூர விருப்பமில்லை, கடலிலிருந்து வந்து விழுந்த ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவன் நான், வீட்டுக்குள் ஒரு போர்க்கப்பலா என்று கேட்டேன். நான் பிறந்த ஊரின்ர பேரோட ஒரு கப்பல் இவ்வளவு காலமும் தண்ணியில நிக்குது, அதை என்ர கையால ஒருக்காக் கட்டிப் பாக்கவேணும், என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் வேலையை நீ சின்ன வயதில் ஆய்வுகூடத்துக்குப் போய்ப் பார்த்திருப்பாய், ஆனால் வீட்டுக்குள் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கே இந்த ஒரு வருடம்தான் கிடைத்தது. முப்பத்து மூன்று வருடம் பொய்ப்பல் செய்த கை அது. பல் கட்டுகிற மெழுகுக் கத்தி, ஊசிமுனைக் குறடு, பல் குடைகிற சின்ன இயந்திரம், எல்லாம் கப்பலுக்கு வந்துவிட்டன. ஒரு தீக்குச்சி மொத்தமான பலகைப் பட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிட்டு அவிக்கிற பானையின் ஆவியில் பிடித்து, விரலாலேயே மெல்ல மெல்ல வளைப்பார். மாத்தளை ரயில் போகும்போது எங்கள் மேசை அதிரும் அல்லவா, அதனால் ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் பசை பூசுவார். மரம் தேடித் திகனைக்குப் போனோம், குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி. அங்கே பஹீம் என்று ஒருவர் தளபாடக் கடை வைத்திருக்கிறார். அம்மாவைக் கண்டதும் எழும்பி நின்று, காலமான தன் தகப்பனை நினைத்து, மிஸ், எங்கட வாப்பாட பல்லு நீங்கதானே செஞ்சீங்க, மௌத்தாகும் மட்டும் அதாலதான் சாப்பிட்டாங்க, என்று சொல்லி, கதவுக்கு அறுத்து மிஞ்சின பழைய தேக்குத் துண்டுகளைச் சாக்கில் கட்டித் தந்தார். கப்பல் என்றதும் அவருக்கும் ஆசை, முடிஞ்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க என்றார்.

இனி என் பங்கு. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்தவன், வீட்டில் ஒரு வரைபட வேலை நடக்கும்போது சும்மா இருப்பேனா. தாள்களை அதே அளவில் பிரதி எடுத்து, கப்பலின் விலாச் சட்டங்களைப் பிளைவூட்டில் அடையாளம் போட்டுத் தருவது என் வேலை என்று நானே கேட்டு வாங்கினேன். மொத்தம் பதினெட்டுச் சட்டம். டவுனில் பிரதி எடுக்கிற கடையில் முன்பக்கத்து ஒன்பதையும் எடுத்து முடிய மெஷின் நின்றுவிட்டது, மிச்சத்துக்கு மறுநாள் போனேன். அன்றைக்குத் தாளின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்க மெஷின் தானாகவே ஒரு சொட்டுச் சுருக்கி எடுத்திருக்கிறது, நூற்றுக்கு ஒன்றரை. ஒவ்வொரு தாளின் அடியிலும் அளவுக்கோடு அச்சிட்டிருக்கும், அதைக் கோலால் ஒருதரம் அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் வீட்டு வேலையில் நான் அளக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆவணி முடியும்போது நூற்றுப் பதினாலு பட்டிகளும் ஏறிவிட்டன. ஆனால் நடுக்கப்பலில் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய பள்ளம், விளக்கைச் சரித்துப் பிடித்தால் தெரியும். அம்மா தேய்த்துப் பார்த்தார், சீவல் வைத்து நிரப்பிப் பார்த்தார், சரிவரவில்லை. பீரங்கி வாசல்களை அடையாளம் போடுவதற்காக, அவர் சந்தைக்குப் போயிருந்த ஒரு பகல் நான் தாளில் கோலை வைத்தேன். பின்பக்கத்துத் தாள்களில் நூறு மில்லிமீற்றர்க் கோடு தொண்ணூற்றெட்டரையாக இருந்தது. முன்பக்கத்தை அளந்தேன், நூறு. திரும்பவும் அளந்தேன். பிறகு தாள்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் பேப்பர் வாசிக்கத் தொடங்கினேன். சந்தையால் வந்த அம்மா, வாசல் போட்டாச்சோ என்று கேட்டார். நாளைக்குப் போடுவம் என்றேன்.

அந்த நாளை மூன்று கிழமை போனது. இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா அந்தப் பள்ளத்துக்குத் தன்னையே காரணமாக நினைக்கத் தொடங்கினார். என்ர கை தளர்ந்து போச்சுப் போல, முந்தி இப்பிடிப் பிழை வராது, என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு கண் டொக்டரிடம் போகவேண்டும் என்றார், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், வரிசையில் பக்கத்தில் இருந்தேன், டொக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணாடியும் சரி என்று சொன்னதையும் கேட்டேன். அப்ப பிழை கண்ணில இல்லை, கையிலதான், என்று திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை மகள். இவ்வளவு நாள் மறைத்தாயிற்றே, இனிச் சொன்னால் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை, நான் கடைக்குப் போய் வந்தபோது அம்மாவின் பல் வேலை ஆயுதங்கள் எல்லாம் துடைத்து ஒரு பிஸ்கட் பெட்டியில் அடுக்கியிருந்தன. இதெல்லாம் லாப்பில இருக்கிற பிள்ளையளுக்குக் குடுத்திடுவம், அதுகள் வேலை செய்யட்டும், என்னால இனி ஏலாது, என்று அம்மா சொன்னார். அழவும் இல்லை, கோபமும் இல்லை, மீன் இன்றைக்கு வாங்கவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் கதிரையில் ஏறி அலுமாரி மேலிருந்த தாள்களை எடுத்து மேசையில் விரித்தேன், கோலையும் வைத்தேன். உம்மட கையில பிழையில்லை இரஞ்சிதம், நான் தந்த சட்டம் பிழை, எனக்கு மூண்டு கிழமையாத் தெரியும், என்று சொன்னேன்.

அவர் என் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை, கோலை வாங்கித் தானே அளந்தார், பதினெட்டுத் தாளையும். கடைசித் தாளையும் அளந்துவிட்டு, அப்ப என்ர கை சரி, என்றார். முதலில் முகத்தில் வந்தது ஆறுதல்தான், நான் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். கண் டொக்டரிட்டயும் கூட்டிக்கொண்டு போனனியள், என்று ஒரேயொரு வசனம். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போட்டார், மருந்து எடுத்து வைத்தார், கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளில்தான் நீ எடுத்த போனை அம்மா எடுக்கவில்லை, தலையிடி என்று நான் சொன்னது.

மூன்றாம் நாள் காலை நான் துணிந்து ஒரு யோசனை சொன்னேன், பட்டிகளுக்கு மேலே இன்னொரு அடுக்குப் போட்டு நிரப்பினால் ஒருவருக்கும் தெரியாது என்று. அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். வாயில பொருந்தாத பல்லை நான் ஒருநாளும் ஆருக்கும் குடுத்தனுப்பேல்லை, என்றார். அந்தக் கொதிதண்ணீர் தேத்தண்ணிக்கு இல்லை. துணியை நனைத்துப் பட்டியின் மேல் வைத்து, பசை இளகும் வரைக்கும் காத்திருந்து, மெழுகுக் கத்தியை உள்ளே விட்டு முதலாவது பட்டியைக் கழற்றினார். ஒவ்வொன்றாக நூற்றுப் பதினாலையும் கழற்றினார், பதினொரு நாள் எடுத்தது, ஏழோ எட்டோதான் உடைந்தது. கழற்றின பட்டிகளின் முதுகில் பென்சிலால் இலக்கம் எழுதிப் பழைய சேலை விரித்துக் காயவைத்தார். நான் அவருடைய பொறுமையைப் பற்றி உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் தெரியாமல் சொன்னது. நாலு மாத வேலையைத் தன் கையாலேயே பிரிக்கிற ஒருவர், வாயில் ஒரு முணுமுணுப்பு இல்லாமல், இடையில் றேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்வதை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

என்னை அவர் வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. நிற்பாட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். பட்டி கழற்றி முடிந்த அன்று பின்னேரம், இனி மெஷின் வேண்டாம், உங்கட கையால கீறித் தாங்கோ, என்று சொன்னார். என் பழைய வரைபலகையைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தெடுத்து ஒன்பது சட்டத்தையும் திரும்ப வரைந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளந்து கொடுத்தேன், அவர் வாங்கி நாலாம் தரம் அளந்தார். முதல் கிழமை அது எனக்குக் குத்தியது. பிறகு அளப்பதற்குக் கோலை நானே நீட்டினேன். தை பிறந்த கையோடு கடைசிப் பட்டி ஏறியது. இப்போது விளக்கை எந்தப் பக்கம் சரித்துப் பிடித்தாலும் நிழல் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகிறது, தடவிப் பார்த்தால் பட்டிக்கும் பட்டிக்கும் இடையில் நகம் தடக்காது. பின்வீட்டுச் சுந்தரலிங்கம் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றிச் சுற்றி நடந்தார், தொட்டால் உடைந்துவிடும் என்று பயந்தவர் போல. மரம் வெடித்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது, அதைப் பற்றிக் கேட்டார். மரம் வெடிக்கேல்லை மாஸ்டர், நான் அளக்காமல் விட்டது, என்று அவருக்கும் சொல்லிவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா கோப்பையை மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

இங்கே மற்றப்படி புதினம் அதிகம் இல்லை. தண்ணீர் பகலில் இரண்டு மணித்தியாலம் நிற்கிறது, பின்பக்கத்துப் பலா இந்த முறை நன்றாகப் பிஞ்சு விட்டிருக்கிறது. நீ இரவுக் கடமை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்கிறாய் என்று கௌசிகன் சொன்னார், அவரோடு கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். ஒரு கோப்பை பாலாவது குடித்துவிட்டுப் படு. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஏதும் பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், மூன்று கிழமை வைத்திருக்க வேண்டாம், வேறு புத்தி சொல்ல எனக்கு இப்போது தகுதி இல்லை.

போன வெள்ளிக்கிழமை மேல்தளத்தை மூடுகிற வேலை. கடைசிப் பலகை வைப்பதற்கு முன் அம்மா என்னைக் கூப்பிட்டு, கையில் டோர்ச்சையும் பெருப்பிக்கிற கண்ணாடியையும் தந்து, உள்ளே பாருங்கோ என்றார். கப்பலின் அடிமரத்தில், பல் குடைகிற ஆகச் சின்ன ஊசியால், அரிசி அளவு எழுத்தில் இரண்டு வரி செதுக்கியிருந்தார். வரைந்தவர் நவரட்ணராஜா. கட்டியவர் இரஞ்சிதம். என்ர பேரை அழிச்சு விடும், நான் செய்த வேலைக்கு அது கூடாது, என்று சொன்னேன். இப்ப இதுக்குள்ள இருக்கிற அரைவாசிச் சட்டம் நீங்கள் கையால கீறினது, பொய் ஒண்டும் எழுதேல்லை, என்று சொல்லிவிட்டுப் பலகைக்குப் பசை பூசினார். மூடினால் பிறகு ஒருவரும் பார்க்க முடியாது. பசை பிடிக்கும் மட்டும் அமத்திப் பிடியுங்கோ என்று என் கையை எடுத்துப் பலகையில் வைத்தார், மேலே தன் கையையும் வைத்துக்கொண்டார்.

கேட்க ஏதும் இருந்தால் எனக்கு எழுது, அம்மாவிடம் கப்பலைப் பற்றி மட்டும் கேள். உன் உடம்பும் மனமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவும், நீங்கள் இருவரும் ஒற்றுமையாகப் பல்லாண்டு வாழவும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அடுத்த லீவு நாளில் ஹார்ட்டில்பூலுக்குப் போய்க் கப்பலின் பின்பக்கத்து யன்னல்களைப் படம் எடுத்து அனுப்பு, தாளில் அந்த இடம் தெளிவில்லை. நேருக்கு நேர் நின்று எடு, பக்கத்தில் ஒரு அளவுகோலையும் பிடித்துக்கொண்டு எடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
க. நவரட்ணராஜா