எடை குறைந்த காரணம்

ஐப்பசி, வியாழன் இரவு.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஆனதால், இன்று தஞ்சாவூருக்கு எடை பார்க்கப் போனேன். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நாங்க நெனச்சதவிட நல்லா கொறஞ்சிருக்கீங்கம்மா. சாப்பாட்டுல இதே கட்டுப்பாட்டோட இருங்க" என்றார்.

ஆவணியில் என் வீட்டுக்காரர் வயலில் சுருண்டு விழுந்து இறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லாமல், "சரிங்க டாக்டர்" என்றேன்.

எடை போட்ட நர்ஸ், "சார் வரலீங்களா? போன தடவ உங்களவிட அவருதானே சந்தோஷப்பட்டாரு" என்று கேட்டாள்.

"நடவு நடக்குது, வயல்ல இருக்காரு" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். பஸ்ஸில் கொஞ்ச தூரம் நானும் நம்பினேன். ஒரத்தநாட்டில் இறங்கி, பூட்டியிருந்த வீட்டைத் திறந்தேன். ராத்திரிக்கு நான் பிசைந்த ரசம் சோறு இன்னும் அப்படியே தட்டில் இருக்கிறது. எழுந்து அதைக் கொட்டக்கூட முடியவில்லை.