பாதத்துக்கு வந்த இரத்தம்

வைகாசி 11, 2009. திங்கள்

தூறல். ஆஸ்பத்திரி, எட்டாம் மாடி, யன்னலோரக் கட்டில். கொண்டுவந்தவை: சாரம் இரண்டு, சின்ன ரேடியோ, கண்ணாடி, இந்தக் கொப்பி.

கீழே வீதியில், இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனம், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி. முழக்கம் இங்கேயும் கேட்கிறது. மனைவி யோகா நேற்று நெடுஞ்சாலை மறியலில் நின்றவள். தொண்டை கட்டிவிட்டது. அவளுடைய தங்கை வதனி வன்னிக்குள். மாசிக்குப் பிறகு தொடர்பில்லை.

டொக்டர் வந்தார். பெண். சின்ன உருவம், மெல்லிய குரல். பதினாலு மாதம் மருந்து கட்டியும் கால் புண் ஆறாததற்குக் காரணம் புண்ணில் இல்லையாம். முழங்காலுக்குக் கீழே இரத்தக் குழாய் அடைப்பு. நீரிழிவு செய்த வேலை. தொடையிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் பாதத்தில் தைப்பாராம். சரிவராவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டும்.

தைக்கும் நூல் எவ்வளவு மெல்லிசு என்று கேட்டேன். தன் தலைமயிர் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். இதைவிட மெல்லிசாம்.

வைகாசி 14. வியாழன்

நேற்று ஆறு மணித்தியாலம். ஒன்றும் தெரியாது. சின்ன விரலும் அடுத்த விரலும் போய்விட்டன. பாதம் இருக்கிறது.

தாதி பேனை மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தாள். ஷ்ஷூ, ஷ்ஷூ. ஈரச்சீலையை உதறுவது போல.

"என்னப்பா உது சத்தம்?" யோகா.

"என்ர ரத்தமாம்."

இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். என் உடம்புக்குள் அந்த டொக்டர் மனுசி புது வழி போட்டிருக்கிறா. நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறிகிறது.

வைகாசி 16. சனி

வெயில். பாதத்தில் சூடு. இரண்டு வருடத்துக்குப் பிறகு. யோகா தொட்டுப் பார்த்துவிட்டு மற்றக் காலையும் தொட்டாள். "ரெண்டும் ஒண்டுதான்."

பிறகு வதனியைப் பற்றி விசாரிக்க வவுனியாவுக்கு ஃபோன். லைன் இல்லை. திரும்பவும். இல்லை.

வைகாசி 18. திங்கள்

இங்கே விடுமுறை நாள். டீவியில் சொன்னார்கள், ஊரில் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

யோகா கீழேயிருந்து வந்தாள். கையில் கறுப்புத் துண்டு.

அந்த நேரம் பார்த்து டொக்டர். காய்ந்த சதையைச் சுரண்டினார். இத்தனை மாதமும் சுரண்டினால் வெள்ளையாகவே கிடந்த புண். இன்று சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. டொக்டருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "இரத்தம்! பாருங்கள், எவ்வளவு நல்ல இரத்தம்!" என்றார் இங்கிலீசில்.

நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் யோகாவின் முகத்தைப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

டொக்டர் போனபின் சொன்னாள். "சிரியுங்கோப்பா. இண்டைக்கு எனக்குக் கிடைச்சது உது ஒண்டுதான்."

கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதாள். அவள் முதுகில் கையை வைத்திருந்தேன்.

வைகாசி 20. புதன்

புண்ணின் ஓரத்தில் ரோசா நிறம். அரிசிமணி அளவு புதுச்சதை. அரைமணி நேரம் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பி.ப. நடக்கப் பழக்குகிறவள் வந்தாள். குதியில் மட்டும் பாரம் தாங்கும் சப்பாத்து.

"வதனி..." என்று தொடங்கினேன்.

"ஒண்டும் தெரியேல்லை. இப்ப கேளாதேங்கோ. எழும்புங்கோ." யோகா.

எழும்பினேன். எட்டு அடி. யோகா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தாள்.